தொரசாணி படத்துல எங்கக்கா கை

ஒரே ஒரு மூஞ்சிய வரையறதுக்கு எத்தனை ஆளு வேணும்னு நெனைக்கிறீங்க? ஒருத்தன் பிரஷ்ஷைப் புடிச்சு வரையறான், ஒருத்தி எதிர்ல உக்காந்திருக்கா, அவ்வளவுதானேன்னு சொல்வீங்க. நானும் அப்படித்தான் நெனைச்சேன். அப்புறம் லுணுகலைக்கு மேல ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவுல ஏழு வாரம் கெடந்து பாத்தேன். வரையறவன் ஒருத்தன். சாயம் கொழைக்க ஒருத்தன். வெளிச்சம் கூடுனாலும் கொறைஞ்சாலும் ஜன்னல் சீலைய இழுத்து விட ஒருத்தன். வரையறவன் வாயில வர்றதை எல்லாம் டைப் அடிக்க நான். உடம்புக்கு எங்கக்கா. மூஞ்சிக்குச் சொந்தக்காரி, தோட்டத்து வெள்ளைக்காரத் தொரையோட சம்சாரம் தொரசாணி, அவ மட்டும் மூணு தடவை வந்து உக்காந்துட்டு டென்னிஸ் ஆடப் போயிட்டா.

வரைஞ்சவன் பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னா இன்னும் கொஞ்சம் பிரபலம் ஆயிருவான். ஏற்கனவே ஆகிட்டது போதும். லண்டன்ல பிரபுக்களை வரைஞ்சானாம், மெட்ராஸ்ல ராஜாவை வரைஞ்சானாம், மூணு கவர்னரு அவன் முன்னால அசையாம உக்காந்தாங்களாம். கொழும்புல அவன் கப்பலை விட்டு எறங்குன அன்னைக்கே ஊவாவுல இருக்கற தொரசாணிங்க எல்லாம் ஒருத்திக்கொருத்தி கடதாசி போட ஆரம்பிச்சிட்டாளுங்க, அவன் மொதல்ல யார் பங்களாவுக்கு வர்றான்னு. பண்டாரவளை வரைக்கும் ரயிலு, அங்கேருந்து மோட்டார் காரு, அதுக்குப் பின்னால மாட்டு வண்டியில அவன் பொட்டிங்க. மழையில வண்டி சேத்துல எறங்கி, பொட்டிங்களைக் கூலிங்க குடியிருக்கற லயத்துல இருந்து வந்த ஆளுங்க தலையில சொமந்துக்கிட்டு வந்தாங்க. அவன் கார்ல உக்காந்துக்கிட்டே "மெதுவா, மெதுவா"ன்னு கத்துனான். ஆளுங்களுக்கு இல்ல, பொட்டிக்கு.

நான் அப்பதான் கண்டியில காலேஜை முடிச்சிட்டு, பதுளையில எங்கப்பாவோட துணிக்கடையில கல்லாவுக்குப் பக்கத்துல ஒக்காந்து ஈ ஓட்டிக்கிட்டிருந்தேன். இங்கிலீஷும் தமிழும் தெரிஞ்ச, டைப் அடிக்கத் தெரிஞ்ச ஒரு ஆளு வேணும்னு தொரை சொல்லி விட்டாரு. நானும் கோட்டைப் போட்டுக்கிட்டுப் பல்லை இளிச்சுக்கிட்டுப் போய் நின்னேன்.

மொத நாளு அவன் என்னை டைப் அடிக்கச் சொன்னது என்ன தெரியுமா? கொழும்புப் பேப்பருக்கு ஒரு கட்டுரை. "நம் தீவுக்கு வருகை தந்திருக்கும் ஒப்பற்ற கலைஞர்"னு ஆரம்பிக்குது. ஒப்பற்ற கலைஞர் யாருன்னா அவன்தான். எழுதுறது யாருன்னா அதுவும் அவன்தான். ரூமுக்குள்ள அங்கயும் இங்கயும் நடந்துக்கிட்டே, சுருட்டுப் புகைய விட்டுக்கிட்டே சொல்றான், நான் அடிக்கறேன். கடைசியில "ஒரு ரசிகர்"னு கையெழுத்து. நான் தலையத் தூக்கிப் பாத்தேன்.

"என்ன?"ன்னான்.

"ஒண்ணுமில்ல சார். ஒப்பற்றங்கறது ரெண்டு தடவை வந்திருச்சு."

"இருக்கட்டும்"னான்.

பிரபலம்ங்கறது அந்த மாதிரிதாங்க தயாராகுது. ஸ்டோருன்னு சொல்ற ஃபேக்டரியில தேயிலை எப்படி வாடி, வதங்கி, நொறுங்கி, பொட்டிக்குள்ள போவுதோ, அது மாதிரி ஒரு வேலை. வாரத்துக்கு ரெண்டு கட்டுரை அடிச்சேன்.

அவன் வரையற லட்சணத்தைச் சொல்றேன் கேளுங்க. மூஞ்சிக்கு மூணு காலை. அதுல மூக்கு நீளமா இருந்தா கொஞ்சம் வெட்டுவான், தாடை இல்லாதவனுக்கு ஒரு தாடைய வெச்சு விடுவான். அந்தத் தாடை எப்பவும் ஒரே தாடை. பக்கத்துத் தோட்டத்துத் தொரைங்க அஞ்சு பேரை வரைஞ்சான், அஞ்சு பேரும் அண்ணன் தம்பி மாதிரி வந்தானுங்க. ஒருத்தன்கூட வருத்தப்படல, எல்லாரும் அந்தத் தாடைய ஆசையா தடவித் தடவிப் பாத்துக்கிட்டானுங்க. பின்னால தேயிலைச் செடி வரக் கூடாது. அது வியாபாரமாம், கௌரவம் கெட்டுப் போகுமாம். இவனுங்க கோட்டு, பூட்ஸு, குதிரை, விஸ்கி எல்லாம் எதுல இருந்து வந்துச்சோ, அது படத்துல இருக்கக் கூடாது. அதுக்குப் பதிலா ஒரு பளிங்குத் தூணு. லுணுகலையில ஏதுய்யா பளிங்குத் தூணு? இருக்கற தூணெல்லாம் மாரியம்மன் கோயில்ல நாலு கருங்கல்லு, பாதிக்குப் பாசி.

மூஞ்சி முடிஞ்சதும் மூஞ்சிக்காரங்களை அனுப்பிச்சிருவான். கழுத்துக்குக் கீழ எல்லாத்துக்கும் வேற ஆளு. அது யாருக்கும் தெரியக் கூடாது. மத்தத் தொரசாணிங்க வந்து கேட்டா, "தினமும் ரெண்டு மணி நேரம் உக்காந்தேன், முதுகே போச்சு"ன்னு அலுத்துக்கணும். அதுவும் ஒரு பவுசு. மூணு தொரைக்கு நானே தோள்பட்டை குடுத்திருக்கேன். அவனுங்க கிளப்புக்குள்ள என்னை விட மாட்டானுங்க, என் தோளு மட்டும் செவுத்துல தொங்குது.

இனிமே எங்கக்கா கதை.

எங்கக்காவுக்குப் புருஷன் காய்ச்சல்ல போய் மூணு வருஷம் ஆச்சு அப்போ. கல்யாணம் பண்ணி ஒண்ணரை வருஷம். வெள்ளைச் சீலையோட அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தா, கடைக்குப் பின்னால ஒரு ரூமு, அதுல ஒரு ஜன்னல், அதைத் தொறந்தா அடுத்த கடைச் செவுரு. வயசு இருபத்தி நாலு. சாகற வரைக்கும் அந்தச் செவுத்தைப் பாத்துக்கிட்டே இருன்னு எல்லாரும் முடிவு கட்டிட்டாங்க. அவ கட்டல. மிஷன் ஸ்கூல்ல படிச்சவ, நல்லா படிச்சவ. அழுது, பட்டினி கெடந்து, அப்பாகிட்ட சண்டை போட்டு, அதே தோட்டத்துல பொம்பளைப் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கற வேலைய வாங்கிட்டா. ஸ்கூலுன்னா என்ன, காலையில ஆளுங்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பற பெரட்டுக் களத்துக்குப் பக்கத்துல ஒரு தகரக் கொட்டாய். மழை பெஞ்சா அவ சொல்றது அவளுக்கே கேக்காது. ராத்திரிக்குக் கணக்கப்புள்ளை வீட்டுல ஒரு மூலையில படுத்துக்குவா.

ரெண்டு வருஷம் அப்படி ஓட்டுனா. புள்ளைங்க அம்பது பேரு ஆயிட்டாங்க. தொரை புதுசா ஒரு ஸ்கூலு கட்ட ஆரம்பிச்சாரு, கல்லு செவுரு, ஓட்டுக் கூரை, பக்கத்துலயே டீச்சருக்கு ரெண்டு ரூமு வீடு. தீபாவளி முடிஞ்சதும் தொறக்கறது, ஹெட் டீச்சரு அக்காதான்னு சொல்லிட்டாரு. ரெண்டு ரூமு, தனி அடுப்பு, வாசல்ல நாலு ரோஜாச் செடி வெக்க எடம். அக்கா அந்தச் செவுரு எழும்பறதைத் தெனம் போய்ப் பாத்துட்டு வருவா, கொத்தனாருங்களே சிரிப்பாங்க.

அந்த நேரம் பாத்துத் தொரசாணி சொல்றா, "அந்த டீச்சர் என் உயரம்தானே? என் கவுன் அவளுக்குச் சரியா இருக்கும். காலையில வரச் சொல்லு." யாருகிட்ட? என்கிட்ட. நான்தான் போய்ச் சொன்னேன்.

அக்கா கொட்டாய்ல சிலேட்டு அடுக்கிக்கிட்டிருந்தா. கேட்டுட்டுக் கையில இருந்த சிலேட்டைக் கீழ வெச்சா.

"கவுனா?"

"ஆமா. நீலப் பட்டு. கை மட்டும் முழங்கைக்குக் கீழ தெரியும்."

"அந்த ஆளு முன்னால."

"பங்களா ஆயாவும் ரூமுல இருப்பா. நானும் இருப்பேன்."

"மாட்டேன்னா?"

"ஸ்கூலு தொரை கையில. தொரை தொரசாணி கையில. நீயே பாத்துக்க."

"போய், அது கங்காணியம்மா காதுக்குப் போச்சுன்னா? முண்டச்சி பட்டுக் கவுனு மாட்டிக்கிட்டு வெள்ளைக்காரன் முன்னால உக்காந்தான்னு ஒத்த வார்த்தை அவ சொன்னா போதும்டா. ஒரு புள்ள வராது. புள்ள இல்லாத ஸ்கூலுக்கு என்னத்துக்கு டீச்சரு?"

பெரிய கங்காணி சம்சாரத்தைத்தான் கங்காணியம்மான்னு சொல்றது. அந்தத் தோட்டத்துல தொரை பேச்சு பெரட்டுக் களத்தோட முடிஞ்சிரும். லயத்துக்குள்ள அந்தம்மா பேச்சுதான்.

"யாருக்கும் தெரியாதுக்கா. தொரசாணியே வெளிய சொல்ல மாட்டா, சொன்னா அவ வண்டவாளம்ல தெரிஞ்சிரும்"னேன். பெரிய மேதாவி மாதிரி.

போனா. பெரட்டு முடிஞ்சு எல்லாரும் கொழுந்து எடுக்க மலைக்கு ஏறுனப்புறம், பின் வாசல் வழியா. பதினொரு காலை.

மொத நாளு அவன் அவளைப் பாத்து உதட்டைப் பிதுக்குனான். படத்துல இருக்கற வெள்ளை மூஞ்சிக்கு எதிர்ல கருப்பு மூஞ்சி வந்து கண்ணைக் கெடுக்குதாம், கலரு தப்பாப் போயிருமாம். ஒரு துவாலைய எடுத்தான், அக்கா தலைக்கு மேல போட்டான். பறவைக் கூண்டுக்குத் துணி போடற மாதிரி. கழுத்துக்குக் கீழ நீலப் பட்டு, கழுத்துக்கு மேல குளிக்கற துவாலை. துவாலைக்குள்ள இருந்து அக்கா கொரலு வருது, தமிழ்ல, அடக்கமா:

"டேய், இதை அவன் மூஞ்சில போட்டா எல்லாருக்கும் நல்லது."

ஆயா வாயில சீலையத் திணிச்சிக்கிட்டுத் திரும்பிட்டா. அவன் "என்ன?"ன்னான். "சௌகரியமா இருக்காம் சார்"னேன்.

பதினொரு நாள்ல அவன் அவ பேரு என்னன்னு கேக்கல. "கை, இந்தப் பக்கம்." "கை, கீழ." அவ்வளவுதான். ஆனா அந்தக் கையப் பாத்து உருகுவான். விரலு எப்படி எறங்குது பாரு, மணிக்கட்டு எப்படித் திரும்புது பாரு, இதெல்லாம் நூறு வருஷத்துக் குடும்பத்துல பொறந்தாத்தான் வரும்னு எனக்கு வியாக்கியானம் பண்ணுவான். வரையறது தொரசாணி கைங்கறதை அவனே நம்ப ஆரம்பிச்சிட்டான்.

ஒம்போதாவது நாளு டைப் மெஷினை விட்டு எழுந்து போய்ப் படத்தைக் கிட்ட பாத்தேன். அக்காவுக்கு வலது கையில, மணிக்கட்டுக்கு நாலு விரக்கடை மேல, பச்சை குத்தியிருக்கும். சின்னப் புள்ளையில பதுளைத் தெருவுல ஒரு குறத்திகிட்ட கோலம் குத்த உக்கார வெச்சிருக்காங்க. பாதியில வலி தாங்காம மை வெச்சிருந்த சிரட்டைய எட்டி ஒதைச்சிட்டு ஓடிட்டா. அதனால கோலம் பாதிதான். ஒண்ணரை வளைவு, மூணு புள்ளி. வளையலு போட்டிருந்தா மறைஞ்சிருக்கும், அவளுக்கு ஏது வளையலு? தோட்டத்துப் பொம்பளைங்க எல்லாருக்குந்தான் பச்சை இருக்கு, பாதியில நிக்கறது அவ ஒருத்திக்குத்தான். கொட்டாய்ல புள்ளைங்க மண்ணுல அதை வரைஞ்சு மீதியப் பூர்த்தி பண்ணி வெளையாடுங்க.

அந்த எழவெடுத்தவன் தோலை வெள்ளையாக்கிட்டான். பச்சைய மட்டும் அப்படியே வெச்சிருக்கான். மெல்லிசா, நீலம் கலந்து. ஒண்ணரை வளைவு. மூணு புள்ளி.

"சார், அது பச்சை குத்துனது. படத்துல வேணாம் சார்"னேன்.

அவன் திரும்பக்கூட இல்ல. "அது நரம்பு. நல்ல ரத்தம் ஓடற ஒடம்புல தோலுக்கு அடியில நீலமாத் தெரியும். அதைப் புடிக்கறதுதான் என் கைவண்ணம்."

"நரம்புல புள்ளி இருக்காது சார்."

"நான் மூணு கவர்னரை வரைஞ்சவன். நீ டைப் அடி."

போய் டைப் அடிச்சேன். என்னத்தை? "இவரது தூரிகை சிறு நரம்பையும் தப்பவிடுவதில்லை." அக்காகிட்ட, "தூரத்துல இருந்து பாத்தா தெரியாதுக்கா, எவன் கிட்ட போய்ப் பாக்கப் போறான்"ன்னு சொல்லிட்டேன். அவ நம்புனா. நான் சொன்னா நம்புவா, அதான் கஷ்டம்.

தீபாவளி அன்னைக்குத் தோட்டத்து ஜனங்க தப்பு அடிச்சுக்கிட்டு, தட்டுல வாழைப்பழமும் கற்கண்டும் எலுமிச்சம்பழமும் எடுத்துக்கிட்டுப் பங்களாவுக்குப் போய் தொரைக்கு மாலை போடறது வழக்கம். தொரை கழுத்தை நீட்டுவாரு, ரெண்டு நிமிஷத்துல கழட்டிப் பங்களா வேலைக்கார அப்புகிட்ட குடுப்பாரு. அந்த வருஷம் விறாந்தையில படத்தையும் நிறுத்தி வெச்சிருந்தாங்க, பெரிய தங்கக் கலரு சட்டத்துக்குள்ள. கூலிங்க பாத்துட்டு வாயப் பொளக்கணும்னு அவனுக்கு ஆசை. வெள்ளைச் சூட்டு, பூப் போட்ட டை, படத்துக்குப் பக்கத்துலயே நிக்கறான், ஏதோ அவன்தான் அவளைப் பெத்த மாதிரி.

தொரைக்குக் கங்காணி மாலை போட்டாரு. தொரசாணிக்குக் கங்காணியம்மா போடணும். தொரசாணிக்கு ஈர மாலை கழுத்துல பட்டா சளி புடிச்சிருமாம். "எனக்கு வேணாம், படத்துக்குப் போடச் சொல்லு"ன்னா. சொன்னேன். கங்காணியம்மா மாலையோட அப்படியே நின்னுட்டாங்க.

"தம்பி, உசுரோட நிக்கறவங்க படத்துக்கு மாலை போடச் சொல்றாங்களே, நல்லாவா இருக்கு?"

"போடுங்கம்மா, அவங்களுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியுமே."

"என்ன சொல்றா?"ன்னா தொரசாணி.

"மாலை சின்னதாப் போச்சேன்னு வருத்தப்படறாங்க மேடம்."

தொரசாணி போனாப் போவுதுங்கற மாதிரி தலைய ஆட்டுனா. கங்காணியம்மா மாரியாத்தா பேரை மொணங்கிக்கிட்டே படத்துக்கிட்ட போனாங்க. சட்டம் உசரம், எக்கிப் போட வேண்டியிருந்துச்சு. போட்டுட்டுக் கீழ எறங்கும்போது அந்தம்மா கண்ணுக்கு நேரா அந்தக் கை.

அப்படியே நின்னுட்டாங்க. மூக்கு படத்துல இடிக்கற அளவுக்குக் குனிஞ்சாங்க. அப்புறம் திரும்பாமலே, "அடியே, இங்க வாங்கடி"ன்னாங்க.

நாலு பொம்பளைங்க ஏறி வந்துட்டாளுங்க.

"தொரசாணியம்மாவுக்கு எந்தக் குறத்திடி பச்சை குத்துனா?"

"அட ஆமா! கோலம்!"

"காசு குடுக்காமப் போயிட்டாங்க போல, பாதியிலயே நிறுத்திப்புட்டா."

"அடியேய், இது நம்ம..." அப்படின்னு ஒருத்தி ஆரம்பிச்சு வாயப் பொத்திக்கிட்டா. ஆனா கண்ணு போயிருச்சு. எல்லாக் கண்ணும் போயிருச்சு, விறாந்தைப் படிக்குக் கீழ, புள்ளைங்களை வரிசையா நிறுத்திக்கிட்டு நின்ன அக்காகிட்ட. அக்கா வலது கைய முந்தானைக்குள்ள இழுத்துக்கிட்டா.

"என்ன சொல்றாங்க?"ன்னான் அவன், மூஞ்சியெல்லாம் பல்லா.

"கைக்கு உசுரு இருக்குன்னு சொல்றாங்க சார்."

"ஆங்! சொல்லு அவங்ககிட்ட. அந்தக் கைக்காக மட்டும் மேடம் பதினொரு காலை அசையாம உக்காந்தாங்கன்னு சொல்லு."

அங்க நான் வாய மூடியிருக்கலாம். அதைச் சொல்லாம விட்டிருந்தா, சும்மா குசுகுசுன்னு பேசிட்டுக் கலைஞ்சிருப்பாங்க. ஆனா ஏழு வாரமா அவன் பம்மாத்தை டைப் அடிச்சு டைப் அடிச்சு எனக்குள்ள எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. ஒரு எழுத்து மாத்தாம சொன்னேன். "அந்தக் கைக்காகத் தொரசாணியம்மா பதினொரு நாளு உக்காந்தாங்களாம்."

அப்புறம் கங்காணியம்மா சிரிச்சாங்க பாருங்க, தப்பு அடிக்கறவன் நிறுத்திட்டான். எல்லாப் பொம்பளைங்களும் சிரிக்கறாங்க, தட்டுல எலுமிச்சம்பழம் உருளுது.

நான் ஒண்ணை மறந்துட்டேன். தொரசாணிக்குத் தமிழ் தெரியாது, படக்காரனுக்குத் தெரியாது, தொரைக்குத் தெரியும். எல்லாத் தோட்டத்துத் தொரையும் தமிழ் படிச்சுத்தான் வேலைக்கு வர்றான். ஆனா அவரு பேசி நாங்க கேட்டதெல்லாம் "போ", "வா", "சீக்கிரம்", அப்புறம் இங்க எழுத முடியாத நாலஞ்சு. அந்தாளுக்கு இவ்வளவுதான் தெரியும்னு நெனைச்சது எங்க முட்டாத்தனம். பேசறது கொஞ்சம்னா கேக்கறதும் கொஞ்சமா என்ன?

தொரை மாலையக் கழட்டி வெச்சிட்டு எழுந்தாரு. படத்தைப் பாத்தாரு. படிக்குக் கீழ பாத்தாரு.

"டீச்சர். இங்க வா. கை காட்டு."

தமிழ்லதான் சொன்னாரு. சிரிப்பு அப்படியே நின்னு போச்சு.

கங்காணியம்மா குறுக்க வந்து, "தொரைங்க, பச்சைன்னா எல்லாருக்கும் ஒரே மாதிரிதானுங்க இருக்கும்"ன்னாங்க. எந்த வாய்க்கு அக்கா அவ்வளவு பயந்தாளோ, அதே வாயி.

அக்கா தொரசாணியைப் பாத்தா. ஒரு வார்த்தை, நான்தான் கூப்பிட்டேன்னு ஒரு வார்த்தை அவ சொன்னாப் போதும். தொரசாணி மலையப் பாத்துக்கிட்டு நிக்கறா. அந்த மழையில மலை எங்க தெரியுது, வெறும் மூட்டம். அதைத்தான் அவ்வளவு உத்துப் பாக்கறா.

அக்கா படியேறி வந்தா. முந்தானைய எடுத்துட்டுக் கைய நீட்டி, படத்துல இருக்கற கைக்குப் பக்கத்துல வெச்சா. ஒண்ணரை வளைவு, மூணு புள்ளி. இங்கயும் அங்கயும்.

"என் கைதாங்க தொரை. தொரசாணியம்மா வரச் சொன்னாங்க, வந்தேன்."

இப்ப அந்தப் பிரபலம் என்ன பண்ணுனான்னு கேளுங்க. மூக்குக் கண்ணாடிய எடுத்து மாட்டுனான். அக்கா கையப் பாத்தான், படத்தைப் பாத்தான், மறுபடி கையப் பாத்தான். தொரையைப் பாத்துச் சந்தோஷமாச் சொல்றான்: "பாத்தீங்களா, எவ்வளவு துல்லியம்!"

மறுநாள் கங்காணியம்மா தகரக் கொட்டாய்க்கே வந்துட்டாங்க. நான் அக்காவோட இருந்தேன். அக்கா எழுந்து நின்னா.

"ஏண்டியம்மா, கை தெரியற கவுனு போட்டுக்கிட்டு உக்காந்தியே, குளிரல?"

"குளிருச்சுங்கம்மா."

"ஒரு சால்வை கேக்கறதுதானே. வாய் இல்லையா உனக்கு?" வெத்தலைய ஒதுக்கிக்கிட்டு, "அந்தப் பளிங்குச் சிலைத் தொரசாணிக்கு நம்ம புள்ள கைய ஒட்டித்தான் அழகு பாக்க வேண்டியிருக்கு. லயத்துல மூணு நாளைக்கு இதே பேச்சுதான். என் மருமக சிரிச்சுச் சிரிச்சு விக்கலு எடுத்துக் கெடக்கறா"ன்னாங்க. போகும்போது திரும்பி, "மூஞ்சில துணிய வேற போட்டானாமே? ஆயா சொன்னா. உமிஞ்சியிருக்கணும்டி நீ"ன்னாங்க.

அவ்வளவுதான். முண்டச்சின்னு ஒரு வார்த்தை வரல. அக்கா சிலேட்டுங்க மேலயே உக்காந்து அழுதா. எனக்கும் என்னமோ எல்லாம் தப்பிச்ச மாதிரி இருந்துச்சு.

அதுக்கு அடுத்த நாளு தொரை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டாரு. ஒரு கடதாசி அடிக்கணும்னாரு. உக்காந்தேன். புதுப் பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியையாக இப்போதுள்ள ஆசிரியையை நியமிப்பதற்கில்லை, அவரது நடத்தை பொருத்தமாக இல்லை, மாச முடிவில் அவர் விலகிக்கொள்ளலாம். இங்கிலீஷ்ல நாலே வரி. "நடத்தை"ங்கற எடத்துல விரல் நின்னுச்சு. தொரை ஜன்னலண்ட நின்னுக்கிட்டிருந்தாரு, மெஷின் சத்தம் நின்னதும் தோளு மட்டும் கொஞ்சம் திரும்புச்சு. அடிச்சேன். ஒரு பிழை இல்லாம அடிச்சுக் குடுத்தேன். கையெழுத்துப் போட்டு மடிச்சு என் கையிலயே குடுத்தாரு, உங்கக்காகிட்ட குடுத்துருன்னு. எழுந்து அந்த மெஷினைத் தூக்கிக் கீழ போட்டிருக்கணும்னு நெனைக்கறது இப்ப. அப்ப "தேங்க் யூ சார்"ன்னு சொல்லிட்டு வந்தேன்.

படத்துல கைய மாத்தச் சொல்லித் தொரசாணி ஒத்தக் கால்ல நின்னா. மாட்டேன், கலையில கை வெக்க மாட்டேன்னு அவன் ரெண்டு நாளு குதிச்சான். மூணாவது நாளு முழங்கை வரைக்கும் ஒரு வெள்ளைக் கையுறைய வரைஞ்சு மூடிட்டு நுவரெலியாவுக்கு வண்டியேறிட்டான். அந்தப் படம் கொழும்புல ஒரு கண்காட்சியில வெச்சாங்களாம். அந்தக் கையுறை மாதிரி ஒரு கையுறைய இந்தத் தீவுல யாரும் பாத்ததில்லன்னு பேப்பர்ல வந்துச்சு. அதை யாரு டைப் அடிச்சாங்களோ.

புது ஸ்கூலுக்குப் பண்டாரவளையில இருந்து ஒரு டீச்சரைக் கொண்டாந்தாங்க. பாவம், நல்ல பொண்ணு. தெறப்பு விழாவுக்குத் தோரணம் எல்லாம் கட்டுனாங்க. மறுநாள் மணி அடிச்சுட்டு வாசல்ல நின்னா, ஒரு புள்ள வரல. அதுக்கு மறுநாளும் வரல. தொரை பெரட்டுல சத்தம் போட்டாரு. பெரிய கங்காணி, "ஆமாங்க தொரை, சொல்றேனுங்க தொரை"ன்னு தெனம் சொன்னாரு. லயத்துல போய் ஒண்ணும் சொல்லல, சொன்னா வீட்டுல சோறு கெடைக்காது. தொரை ஒரு நாளு கங்காணியம்மாவையே கூப்பிட்டுக் கேட்டாரு. "எங்க டீச்சரு வந்தா புள்ளைங்க வருமுங்க"ன்னுட்டு வந்துட்டாங்க. ஒரு மாசம் வெறும் பெஞ்சுங்களுக்குப் பாடம் நடத்திட்டு அந்தப் பொண்ணு டிரங்குப் பொட்டியத் தூக்கிக்கிட்டு ஊருக்குப் போயிருச்சு.

அக்கா கடைக்குப் பின்னால அந்த ரூமுல இருக்கா. வேலை கேட்டு எழுதிக்கிட்டே இருக்கா, பூனாகலைக்கு ஒண்ணு, அப்புத்தளைக்கு ஒண்ணு. நான்தான் டைப் அடிச்சுக் குடுக்கறேன். இன்னும் பதில் வரல. ஸ்கூலு கட்டடத்துல இப்ப உர மூட்டை அடுக்கி வெச்சிருக்காங்க.